கார் கண்ணாடியில் கருப்பு ஃபிலிம்: சென்னைக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சென்னையில் புது கார் எடுத்த வாரத்திலேயே மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்வார்கள். ஷோரூமில் "லைட்டா ஒட்டிக்கலாம் சார்" என்பார்கள். ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் ஆக்சஸரீஸ் கடைக்காரர் "இது கவர்மென்ட் அப்ரூவ்டு" என்பார். பக்கத்து வீட்டுக்காரரோ, போன மாதம்தான் சலான் வாங்கியதாகச் சொல்வார். மூன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் உண்மை இருப்பதால்தான் குழப்பம். சட்டம் என்ன சொல்கிறது, அது எப்படி இந்த இடத்துக்கு வந்தது, வெயிலுக்கு உண்மையில் எது உதவும் என்பதை இங்கே ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கார் கண்ணாடி எவ்வளவு இருட்டாக இருக்கலாம்?

முன்கண்ணாடியும் பின்கண்ணாடியும் குறைந்தது 70 சதவீத வெளிச்சத்தை உள்ளே விட வேண்டும். கதவுக் கண்ணாடிகள் குறைந்தது 50 சதவீதம் விட வேண்டும். மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989இல் 100ஆவது விதி இதைச் சொல்கிறது. மத்திய விதி என்பதால் சென்னைக்கு ஒன்று, திருப்பதிக்கு ஒன்று, புதுச்சேரிக்கு ஒன்று என்று கிடையாது. நாடு முழுக்க இதே அளவுதான்.

70 சதவீதம் "இருட்டாக்கலாம்" என்று தலைகீழாகப் புரிந்துகொண்டவர்கள் நிறையப் பேர். 70 என்பது கண்ணாடி வழியாக உள்ளே வர வேண்டிய வெளிச்சம். எண் பெரிதாக இருந்தால் கண்ணாடி தெளிவாக இருக்கிறது என்று அர்த்தம். கடைகளில் வி.எல்.டி. என்று சொல்வது இந்த அளவைத்தான்.

கடையில் "இது 70 சதவீத ஃபிலிம்" என்று தருகிறார்கள். அதை ஒட்டினால் அளவுக்குள் இருக்கும் அல்லவா?

பெரும்பாலும் இருக்காது. ஏமாற்றம் நடக்கிற இடமே இதுதான், அதனால் கணக்கைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள்.

சட்டம் ஃபிலிமை அளக்கவில்லை. கண்ணாடியும் ஃபிலிமும் சேர்ந்து எவ்வளவு வெளிச்சம் விடுகின்றன என்பதுதான் கேள்வி. காரோடு வரும் கண்ணாடியே நூறு சதவீதம் விடாது. லேசான பச்சைச் சாயல் கொண்ட கண்ணாடி 75 சதவீதம் விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் மேல் 70 சதவீத ஃபிலிம் ஒட்டினால், 75இல் 70 சதவீதம், அதாவது 52.5. கதவுக் கண்ணாடிக்கு இது நூலிழையில் தப்பும். முன்கண்ணாடிக்கு அளவு 70 என்பதால் தப்பாது. அதே கண்ணாடியில் 50 சதவீத ஃபிலிம் ஒட்டினால் 37.5. கதவுக்குக் கூட ஆகாது. "சட்டப்படி கதவுக்கு 50தான் சார், இது 50 ஃபிலிம்தான்" என்று விற்பது அந்த 50ஐத்தான்.

முன்கண்ணாடியில் நிலைமை இன்னும் இறுக்கம். 75 சதவீதக் கண்ணாடியில், பார்த்தால் ஒட்டியதே தெரியாத 90 சதவீத ஃபிலிம் போட்டாலும் 67.5க்கு வந்துவிடும். முன்கண்ணாடியைத் தொடாதீர்கள் என்று சொல்வதற்கு இந்த ஒரு பெருக்கல் போதும்.

ஃபிலிமே ஒட்டக்கூடாது என்று சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டதே?

ஆமாம். 2012 ஏப்ரல் 27 அன்று, அவிஷேக் கோயங்கா என்பவர் தொடர்ந்த பொதுநல வழக்கில், அப்போதைய தலைமை நீதிபதி எஸ்.எச்.கபாடியா, நீதிபதிகள் ஏ.கே.பட்நாயக், ஸ்வதந்தர் குமார் அமர்வு தீர்ப்பளித்தது. குற்றம் செய்பவர்கள் கருப்புக் கண்ணாடிக்குப் பின்னால் மறைந்துகொள்கிறார்கள், காருக்குள் நடப்பது வெளியே தெரிய வேண்டும் என்பது வழக்கின் மையம்.

எந்த சதவீதமாக இருந்தாலும் சரி, கருப்பு ஃபிலிமோ வேறு எந்தப் பொருளோ கண்ணாடி மேல் ஒட்டக்கூடாது என்று நீதிமன்றம் தடை செய்தது. 2012 மே 4 முதல் அது அமலுக்கு வந்தது. போக்குவரத்து போலீஸ் சலான் போடுவதோடு ஃபிலிமையும் அகற்ற வேண்டும் என்றும் உத்தரவிட்டது. அதே தீர்ப்பு இன்னொன்றையும் சொன்னது: தயாரிக்கும்போதே 70, 50 அளவுக்குள் சாயம் கொண்ட கண்ணாடி போட்டால் அது விதிப்படி சரி. பின்னால் வாங்கி ஒட்டுவதுதான் தப்பு.

2021இல் விதி மாறிவிட்டது, இப்போது ஃபிலிம் ஒட்டலாம் என்கிறார்களே?

விதி மாறியது உண்மை. 2020இல் அறிவிக்கப்பட்ட திருத்தம் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 100ஆவது விதியில் முன்பு பாதுகாப்புக் கண்ணாடி என்று மட்டும் இருந்தது. இப்போது 'சேஃப்டி கிளேசிங்' என்ற பொருளையும் சேர்த்திருக்கிறார்கள். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் 2019ஆம் ஆண்டுத் திருத்தப்பட்ட தரத்தின்படி, உட்பக்கத்தில் பிளாஸ்டிக் படலம் கொண்ட கண்ணாடியும் இதில் அடங்கும். 70, 50 அளவுகள் மட்டும் அப்படியே இருக்கின்றன.

இதை வைத்துத்தான் கேரளத்தில் வழக்கு நடந்தது. 2024 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்ற நீதிபதி என்.நாகரேஷ், 2012 தீர்ப்பு பழைய விதியை வைத்துச் சொல்லப்பட்டது, திருத்தத்துக்குப் பிறகு அளவுக்குள் இருக்கும் படலத்தை ஒட்டுவதற்கு அபராதம் போடக்கூடாது என்று கூறினார். கார் கம்பெனி மட்டும்தான் பொருத்த வேண்டும் என்ற வாதத்தையும் அவர் ஏற்கவில்லை. விதி, கண்ணாடியை அந்த அளவில் "பராமரிக்க" வேண்டும் என்றும் சொல்கிறது, பராமரிப்பவர் உரிமையாளர்தானே என்பது அவருடைய பார்வை.

கடைக்காரர் செல்போனில் காட்டுகிற செய்தி இதுதான். செய்தி பொய்யில்லை. ஆனால் அது சொல்லாத விஷயம் அடுத்த கேள்வியில் இருக்கிறது.

அப்படியானால் சென்னையில் ஒட்டலாமா, கூடாதா? நேராகச் சொல்லுங்கள்.

ஒட்டாதீர்கள். என் பதில் அதுதான், காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

கேரள உயர் நீதிமன்றத் தீர்ப்பு கேரளத்தைத்தான் கட்டுப்படுத்தும். தமிழ்நாட்டில் அதை ஒரு வாதமாக எடுத்து வைக்கலாம், அவ்வளவுதான். சுப்ரீம் கோர்ட் தீர்ப்போ நாட்டிலுள்ள எல்லா நீதிமன்றங்களையும் கட்டுப்படுத்தும். கத்திப்பாராவில் உங்களை நிறுத்துகிற எஸ்.ஐ. கையில் இருப்பது அந்தத் தீர்ப்பு. அவரிடம் நடுரோட்டில் கேரளத் தீர்ப்பை விளக்கிக்கொண்டிருக்க முடியாது. நீதிமன்றத்துக்குப் போய் வாதாடி ஜெயிக்கக்கூட வாய்ப்பு உண்டு. ஆனால் ஐந்நூறு ரூபாய் சலானுக்காக வேலையை விட்டுவிட்டு அலைய எத்தனை பேர் தயார்?

இரண்டாவது காரணம், கேரளத் தீர்ப்பே கூட அளவுக்குள் இருந்தால்தான் காப்பாற்றும். மேலே போட்ட பெருக்கலை நினைத்துப் பாருங்கள். சென்னை சாலைகளில் ஓடும் ஃபிலிம் ஒட்டிய கார்களில் பெரும்பாலானவை அந்த அளவுக்குப் பக்கத்தில்கூட வராது என்பதைக் கண்ணால் பார்த்தே சொல்லிவிடலாம். உள்ளே யார் இருக்கிறார்கள் என்றே தெரியாத கண்ணாடி 50 சதவீதம் விடுகிற கண்ணாடி அல்ல.

கடையில் ஒரு சர்டிஃபிகேட் தருகிறார்கள். அதைக் காட்டினால் விட்டுவிடுவார்களா?

அந்தக் காகிதம் ஃபிலிமைப் பற்றியது. உங்கள் காரின் கண்ணாடியில் ஒட்டிய பிறகு எவ்வளவு வெளிச்சம் வருகிறது என்று அதில் இருக்காது. போலீஸுக்கும் ஆர்.டி.ஓ.வுக்கும் வேண்டியது பின்னதுதான்.

காரோடு வந்த கண்ணாடியே பச்சையாக, கொஞ்சம் இருட்டாக இருக்கிறது. அதற்கும் சலான் வருமா?

வரக்கூடாது. கண்ணாடியின் கீழ் மூலையில் சின்னதாகப் பொறித்திருக்கும் எழுத்துகளைப் பாருங்கள். தயாரிப்பாளர் பெயரும் தர முத்திரையும் அங்கே இருக்கும். (நம் ஊருக்குப் பக்கத்தில் ஸ்ரீபெரும்புதூரிலேயே செயின்ட் கோபைன் கண்ணாடித் தொழிற்சாலை இருக்கிறது. சென்னையில் ஓடும் பல கார்களில் அந்தப் பெயரைப் பார்க்கலாம்.) யாராவது சந்தேகப்பட்டால் கண்ணாடியைப் பாதி இறக்கி மேல் விளிம்பைக் காட்டுங்கள். ஒட்டிய ஃபிலிம் என்றால் விளிம்புக்கு ஒரு மில்லிமீட்டர் கீழே கோடு தெரியும், நகத்தால் தடவினால் தட்டும். கம்பெனிக் கண்ணாடியில் சாயம் விளிம்பு வரை ஒரே சீராக இருக்கும்.

எல்லாம் சரி, சென்னை வெயிலுக்கு என்னதான் செய்வது? கத்திரியில் காருக்குள் உட்கார முடியவில்லையே!

இந்தக் கேள்வி நியாயமானது. 2003 மே மாதக் கடைசியில் நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவான ஊர் இது. சட்டத்தைச் சொல்லிவிட்டு வெயிலை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று விடுவது சரியில்லை.

முதலில் ஒரு நம்பிக்கையை உடைக்க வேண்டும். இருட்டுக் கண்ணாடி குளிர்ந்த கண்ணாடி அல்ல. சூரிய ஒளியில் வரும் சக்தியில் பாதிக்கும் சற்று மேல் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்கள். நாற்பது சதவீதத்துக்குச் சற்று மேல் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம். மீதி சில சதவீதம் புற ஊதா. விலை குறைந்த கருப்பு ஃபிலிம் என்பது வெறும் சாயம். அது வெளிச்சத்தை நன்றாகத் தடுக்கும், அகச்சிவப்பைப் பெரிதாகத் தடுக்காது. தடுத்த வெளிச்சத்தையும் திருப்பி அனுப்பாமல் தானே உறிஞ்சிச் சூடாகும். கண்ணாடி சூடானால் அந்தச் சூட்டில் ஒரு பங்கு உள்ளேதான் வரும். கண்ணுக்குக் கூச்சம் குறைவதால் குளிர்ச்சி போலத் தோன்றுகிறது. மதியம் ஓ.எம்.ஆரில் நிறுத்திவிட்டுப் போன கருப்பு ஃபிலிம் காரின் கண்ணாடியை உட்பக்கம் தொட்டுப் பாருங்கள், தெரிந்துவிடும்.

வெயிலைக் குறைக்கிற வேலையை நன்றாகச் செய்வது அகச்சிவப்பைத் தடுக்கிற கண்ணாடி. இப்போது சில கார்களில் மேல் வேரியன்டுகளில் புற ஊதாவைத் தடுக்கும் யு.வி. கட், அகச்சிவப்பைத் தடுக்கும் ஐ.ஆர். கட் கண்ணாடிகள் கம்பெனியிலிருந்தே வருகின்றன. பார்க்கத் தெளிவாக இருக்கும், சட்டத்துக்கும் பிரச்சினை இல்லை. கார் வாங்கும்போது ஃபிலிமுக்கு ஒதுக்குகிற பணத்தை இதில் போடுங்கள், அல்லது இந்தக் கண்ணாடி எந்த வேரியன்டில் இருக்கிறது என்றாவது கேளுங்கள். சன்ரூஃபைப் பற்றி விசாரிக்கிறவர்களில் பத்தில் ஒருவராவது கண்ணாடியைப் பற்றி விசாரித்தால் நன்றாக இருக்கும். சென்னை வெயிலில் சன்ரூஃபைவிட அதுதான் தினமும் பயன்படும்.

ஏற்கனவே கார் வாங்கிவிட்டவர்கள் செய்யக்கூடியது இது. நிறுத்தும்போது முன்கண்ணாடிக்கு உட்பக்கம் வெள்ளி நிற சன்ஷேடு வையுங்கள். காருக்குள் அதிக வெயில் வருவது அந்தப் பெரிய சாய்ந்த கண்ணாடி வழியாகத்தான். கிளம்பும்போது நான்கு கதவுக் கண்ணாடிகளையும் இறக்கி ஒரு நிமிடம் ஓட்டினால் உள்ளே அடைந்திருக்கும் அனல் காற்று வெளியே போய்விடும். அதற்குப் பிறகு கண்ணாடியை ஏற்றி, ஏ.சி.யை உள்காற்றுச் சுழற்சியில் வையுங்கள். அந்த பட்டனை வெளிக்காற்றிலேயே விட்டுவிட்டு ஏ.சி. சரியில்லை என்று சர்வீஸுக்குப் போகிறவர்கள் உண்டு. கேபின் ஃபில்டரை மாற்றுங்கள். முன்னால் இருக்கும் கண்டென்சரில் தூசி அடைத்திருந்தால் தண்ணீர் பீய்ச்சிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். ஜி.எஸ்.டி. ரோட்டில் தினமும் ஓடுகிற காரில் அது சீக்கிரம் அடைபடும். கருப்பு ரெக்ஸின் சீட் கவருக்குப் பதிலாக வெளிர் நிறத் துணி போட்டாலும் உட்காரும்போது வித்தியாசம் தெரியும்.

ஜன்னலில் மாட்டுகிற வலை, காந்தத் திரை எல்லாம் சரியா? அது ஃபிலிம் இல்லையே.

நிறுத்தியிருக்கும் காரில் தாராளமாக மாட்டலாம். ஓடும்போது கழற்றிவிடுங்கள். 2012 தீர்ப்பில் 'வேறு எந்தப் பொருளும்' என்ற வார்த்தைகள் இருக்கின்றன, அதனால் போலீஸ் இதற்கும் சலான் போட இடமுண்டு. அதைவிட முக்கியம், முன்பக்கக் கதவுகளில் வலை இருந்தால் பக்கவாட்டு மிரர் தெளிவாகத் தெரியாது. சென்னையில் இடது பக்கமாகவே முந்தி வரும் டூவீலர்கள் எத்தனை! பின் சீட்டில் கைக்குழந்தை முகத்தில் வெயில் அடிக்கிறது என்றால் அந்த ஒரு ஜன்னலுக்கு மட்டும் மெல்லிய வலை வைப்பவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் போலீஸ் சொன்னால் மறுபேச்சில்லாமல் கழற்றிவிட வேண்டும்.

முன்கண்ணாடியின் மேலே மட்டும் ஒரு கருப்புப் பட்டை?

கம்பெனியிலிருந்து கண்ணாடிக்குள்ளேயே வந்த பச்சை அல்லது நீலப் பட்டை என்றால் கவலை வேண்டாம். கடையில் ஒட்டியது என்றால் அதுவும் ஃபிலிம்தான். அதில் சாமி பெயர், குடும்பப் பெயர், கட்சிப் பெயர் எழுதினாலும் கணக்கு மாறாது. ஸ்டிக்கர் என்றதும் நினைவுக்கு வருகிறது: 2024 மே மாதத் தொடக்கத்திலிருந்து சென்னை போக்குவரத்து போலீஸ் 'பிரஸ்', 'போலீஸ்', 'அட்வகேட்' மாதிரி தொழிலைக் காட்டும் ஸ்டிக்கர்களுக்கும் தனியாக நடவடிக்கை எடுக்கத் தொடங்கியது. அதற்காக நிறுத்தப்பட்டு, ஃபிலிமுக்கும் சேர்த்து சலான் வாங்க வேண்டாம்.

பிடித்தால் அபராதம் எவ்வளவு?

வழக்கமாக மோட்டார் வாகனச் சட்டத்தின் 177ஆவது பிரிவு. 2019 திருத்தத்துக்குப் பிறகு அதில் முதல் தடவை 500 ரூபாய் வரை, அடுத்த தடவைகளில் 1,500 ரூபாய் வரை. சலான் உங்கள் வண்டி எண்ணில் பதிவாகிவிடும், மத்திய அரசின் பரிவாகன் தளத்தில் பார்த்து ஆன்லைனில் கட்டலாம். கையில் காசு வாங்கிக்கொண்டு ரசீது தராமல் அனுப்பினால், அது அபராதமே அல்ல. கட்டாயமாக சலான் கேளுங்கள்.

500தானே என்று சிலர் கட்டிவிட்டு அதே ஃபிலிமோடு ஓட்டுகிறார்கள். சலான் கட்டியது அனுமதிச் சீட்டு ஆகாது. அடுத்த சிக்னலிலேயே இன்னொன்று போட்டாலும் அது இரண்டாவது குற்றக் கணக்கில்தான் வரும்.

ரோட்டிலேயே ஃபிலிமைக் கிழிக்க போலீஸுக்கு உரிமை உண்டா?

உண்டு. 2012 தீர்ப்பே அகற்றச் சொல்லியிருக்கிறது. ஆனால் அவசரத்தில் பிளேடு வைத்து இழுத்தால் கண்ணாடியில் கீறல் விழும், பின்கண்ணாடியில் இருக்கும் மெல்லிய சூடேற்றிக் கம்பிகள் அறுந்துபோகும். "நானே எடுத்துவிடுகிறேன்" என்று மரியாதையாகக் கேட்டுவிட்டு அங்கேயே ஓரமாக நிறுத்தி மெதுவாக உரிப்பது நல்லது.

மீட்டர் வைத்து அளக்காமல் கண்ணால் பார்த்து சலான் போடலாமா?

கண்ணாடி எத்தனை சதவீதம் என்பது தகராறு என்றால், கருவியால் அளக்கச் சொல்லிக் கேட்பது நியாயம்தான். கம்பெனிக் கண்ணாடி வைத்திருப்பவர்களுக்கு இந்த வாதம் உதவும். ஒட்டிய ஃபிலிம் கண்ணுக்கு முன்னால் இருக்கும்போது உதவாது. 2012 தீர்ப்பின்படி எந்த சதவீதமானாலும் ஃபிலிம் ஃபிலிம்தான் என்பதால் அளக்க வேண்டிய அவசியமே அவருக்கு இல்லை.

வீட்டிலேயே தோராயமாக அளந்து பார்க்க முடியுமா?

முடியும். செல்போனில் வெளிச்சம் அளக்கும் லக்ஸ் ஆப் ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். இருட்டிய பிறகு, கதவுக் கண்ணாடியைப் பாதி இறக்கி, ஒருவர் ஒரு பக்கம் டார்ச்சை அசையாமல் பிடிக்க, மறுபக்கம் செல்போனை வையுங்கள். முதலில் கண்ணாடி இல்லாத இடத்தில் அளவு எடுங்கள். அப்புறம் தூரம் மாறாமல் கண்ணாடியைக் குறுக்கே ஏற்றி இன்னொரு அளவு. முதலில் 400, பிறகு 160 என்றால் 40 சதவீதம்தான் உள்ளே வருகிறது. பழைய கார் வாங்கப் போகும்போது இதைச் செய்து பார்க்கலாம். சட்டத்தின் முன் இது செல்லாது, உங்களுக்குத் தெரிந்துகொள்ளத்தான்.

சட்டத்தை விடுங்கள். எனக்கு உள்ளிருந்து நன்றாகத்தானே தெரிகிறது?

பகலில் தெரியும். நவம்பர் மாதம், ராத்திரி ஒன்பது மணி, மழை, வேளச்சேரிப் பக்கம் ஒரு தெருவிளக்கு எரியவில்லை. கருப்புக் குடையோடு ஒருவர் ரோட்டைக் கடக்கிறார். நீங்கள் இடது பக்கம் திரும்ப வேண்டும், கதவுக் கண்ணாடி வழியாகத்தான் அவரைப் பார்க்க வேண்டும். ஏற்கனவே இருப்பது கொஞ்சம் வெளிச்சம். அதில் மூன்றில் இரண்டு பங்கை ஃபிலிம் தின்றுவிட்டால் மிச்சத்தில் அவர் தெரிவாரா? கண்ணாடியை இறக்கி எட்டிப் பார்த்துத் திரும்புகிறவர்களை மழைக்கால இரவுகளில் நீங்களே பார்த்திருப்பீர்கள். அது அந்த ஃபிலிம் செய்கிற வேலை.

வயதும் இதில் சேர்கிறது. அறுபது வயதுக் கண்ணில் விழித்திரைக்குப் போய்ச் சேரும் வெளிச்சம் இருபது வயதுக் கண்ணோடு ஒப்பிட்டால் சுமார் மூன்றில் ஒரு பங்குதான். மகன் ஆசைப்பட்டு ஒட்டிய ஃபிலிமோடு அப்பா ராத்திரி ஓட்டுகிற வீடுகள் சென்னையில் ஏராளம். அப்பா சொல்ல மாட்டார். மகன்தான் யோசிக்க வேண்டும்.

வெளியே இருப்பவர்கள் பக்கமும் இருக்கிறது. சிக்னல் இல்லாத இடத்தில் ரோட்டைக் கடப்பவர் டிரைவரின் கண்ணைப் பார்க்கிறார். அவர் தன்னைப் பார்த்துவிட்டாரா, கை காட்டுகிறாரா என்று பார்த்துத்தான் காலை எடுத்து வைக்கிறார். நம் ஊர் போக்குவரத்தில் பாதி இந்தப் பார்வையிலும் கை ஜாடையிலும்தான் நடக்கிறது. கருப்புக் கண்ணாடி அதை அடைத்துவிடுகிறது. பின்னால் வரும் பைக்காரரும் உங்கள் காரின் கண்ணாடிகள் ஊடாகத்தான் அதற்கு முன்னால் பிரேக் போடுகிற வண்டியைப் பார்க்கிறார்.

இன்னொன்றை எழுதாமல் விட முடியாது. நிறுத்திய காருக்குள் பத்து நிமிடத்திலேயே சூடு சுமார் 10 டிகிரி ஏறிவிடும். விளையாடும்போது காருக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்ட குழந்தையோ, தூங்கட்டும் என்று விட்டுப்போன குழந்தையோ உள்ளே இருந்தால், தெளிவான கண்ணாடி என்றால் நடந்துபோகிற யாராவது பார்த்துவிடுவார்கள்.

ராத்திரி தனியாக ஓட்டும் பெண்களுக்குக் கருப்புக் கண்ணாடி பாதுகாப்புதானே?

உள்ளே ஒரு பெண் தனியாக இருப்பது தெரியாமல் இருந்தால் நல்லது என்று நினைப்பது புரிகிறது. இந்தப் பயத்தைச் சாதாரணமாகத் தள்ளிவிடக்கூடாது. ஆனால் இதை மறுபக்கமிருந்தும் பார்க்க வேண்டும். உள்ளே ஏதாவது நடந்தால் வெளியே யாருக்கும் தெரியாது. 2012 டிசம்பரில் டெல்லியில் நிர்பயா கூட்டுப் பாலியல் கொடுமை நடந்த பஸ்ஸில் கருப்பு ஃபிலிமும் திரைச்சீலையும் இருந்தன. தடை வந்து ஏழு மாதம் ஆகியும் அந்த பஸ் அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பெண் ஏறுகிற கால் டாக்ஸியின் கண்ணாடி தெளிவாக இருக்க வேண்டும் என்று நாம் எதிர்பார்ப்போம் அல்லவா? அப்படியானால் அந்த விதி எல்லாருக்கும் பொதுவாகத்தான் இருக்க முடியும்.

தனியாக ஓட்டும்போது கதவுகளைப் பூட்டிவைப்பது, சிக்னலில் முன்னால் உள்ள வண்டியிலிருந்து விலகிச் செல்ல இடம் விட்டு நிறுத்துவது, வரும் வழியை வீட்டாருக்கு செல்போனில் பகிர்ந்துவைப்பது எல்லாம் ஃபிலிமைவிட அதிகம் உதவும்.

டாக்டர் வெயில் படக்கூடாது என்று சொல்லியிருக்கிறார். விலக்கு கிடைக்குமா?

100ஆவது விதியில் மருத்துவக் காரணத்துக்கான விலக்கு எதுவும் இல்லை. டாக்டர் சீட்டைக் காரில் வைத்திருப்பது சலானிலிருந்து காப்பாற்றாது.

தோல் நோய் இருப்பவர்கள் பயப்பட வேண்டியது புற ஊதாக் கதிரைப் பற்றித்தான், கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தைப் பற்றியல்ல. முன்கண்ணாடி இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவில் ஒரு பிளாஸ்டிக் அடுக்கு வைத்துச் செய்யப்படுவதால் அதுவே புற ஊதாவை ஏறக்குறைய முழுவதும் தடுத்துவிடும். கதவுக் கண்ணாடி அந்த அளவுக்குத் தடுக்காது. ஆகவே யு.வி. கட் கதவுக் கண்ணாடி உள்ள கார், முழுக்கைச் சட்டை, சன்ஸ்கிரீன், வெயில் படாத பக்கத்து சீட். இதை உங்கள் தோல் மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

அமைச்சர், வி.ஐ.பி. கார்களில் மட்டும் இருக்கிறதே?

இசட், இசட் பிளஸ் பாதுகாப்பில் இருப்பவர்களுக்கு மட்டும், உள்துறைச் செயலாளரும் போலீஸ் உயரதிகாரியும் கொண்ட குழு பார்த்து அனுமதி தரலாம் என்று 2012 தீர்ப்பு இடம் விட்டது. பதவி இருப்பதால் மட்டும் யாருக்கும் விலக்கு இல்லை. கட்சிக் கொடி பறக்கிற ஒவ்வொரு காருக்கும் அந்தப் பாதுகாப்பு கிடையாது என்பது எல்லாருக்கும் தெரியும். அந்தக் கார்களையும் நிறுத்தினால்தான் மற்றவர்கள் இந்த விதியை மதிப்பார்கள்.

டாக்ஸி ஓட்டுகிறேன். எஃப்.சி.க்கு மட்டும் எடுத்துவிட்டு மறுபடி ஒட்டலாமா?

எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று வாங்கும் அன்று மட்டும் வண்டி விதிப்படி இருந்தால் போதும் என்று சட்டம் சொல்லவில்லை. மஞ்சள் போர்டு வண்டி தினமும் ஏர்போர்ட், சென்ட்ரல் என்று போலீஸ் கண்ணில் படுகிற இடங்களில்தான் நிற்கும். ஒவ்வொரு முறையும் ஒட்டி உரிப்பதில் ஆகிற செலவுக்கு நல்ல சன்ஷேடும் ஏ.சி. சர்வீஸும் செய்துவிடலாம்.

செகண்ட் ஹேண்ட் காரில் பழைய ஓனர் ஒட்டியது. அபராதம் அவருக்கா?

இப்போது ஓட்டுகிற உங்களுக்குத்தான். வாங்கும்போதே ஃபிலிமை எடுத்துத் தரச் சொல்லுங்கள். வண்டி எண்ணில் பழைய சலான் ஏதாவது நிலுவையில் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

கண்ணாடி உடைந்தால் இன்ஷூரன்ஸில் ஃபிலிமுக்கும் பணம் வருமா?

கண்ணாடிக்கு வரும். நீங்கள் தனியாக ஒட்டியதைப் பாலிசியில் சேர்க்காமல் அதற்குப் பணம் எதிர்பார்க்க முடியாது.

சரி, எடுத்துவிட முடிவு செய்துவிட்டேன். எப்படி எடுப்பது?

கதவுக் கண்ணாடியில் எளிது. காரை ஒரு மணி நேரம் வெயிலில் நிறுத்துங்கள், அல்லது ஹேர் டிரையரை ஒரு மூலையில் காட்டுங்கள். பசை இளகியதும் மூலையை நகத்தால் தூக்கி, கண்ணாடியோடு ஒட்டினாற்போல் மெதுவாக இழுங்கள். வெடுக்கென்று இழுத்தால் ஃபிலிம் மட்டும் வந்து பசை கண்ணாடியிலேயே தங்கிவிடும். மிச்சப் பசையை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து பிளாஸ்டிக் ஸ்கிரேப்பரால் வழித்து எடுக்கலாம். இரும்பு பிளேடு வேண்டாம்.

பின்கண்ணாடியை நீங்களே செய்யாதீர்கள். அதில் குறுக்காக ஓடுகிற சூடேற்றிக் கோடுகள் கண்ணாடியின் உட்பக்கம்தான் இருக்கும், ஃபிலிம் அவற்றின் மேல்தான் ஒட்டியிருக்கும். நீராவி வைத்து எடுக்கத் தெரிந்த ஆளிடம் கொடுங்கள். சில கார்களில் ரேடியோ ஆன்டெனாவும் அதே கண்ணாடியில் இருக்கும், வேலை தொடங்கும் முன்பே அவரிடம் சொல்லிவிடுங்கள். முடிந்ததும் பின்கண்ணாடியைச் சூடாக்கும் டீஃபாகர் பட்டனைப் போட்டு எல்லாக் கோடுகளும் சூடாகின்றனவா என்று கையால் தொட்டுப் பார்த்துவிட்டு, அப்புறம் பணம் கொடுங்கள்.